திரைக்குள் போன ஒரே ஆள்

அத்தியாயம் 9

ஆள் இன்னும் சாகவில்லை. ஆனால் கொல்லப் பார்ப்பது யார் என்று ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சோலைராஜுக்கு இந்த மாதிரி கேஸ்கள் சுத்தமாகப் பிடிக்காது.

"அக்கா, பிணம் விழுந்த பிறகு கூப்பிட்டா நமக்கும் ஒரு மரியாதை இருக்கும். இவிய முன்கூட்டியே கூப்பிடுதாவ," என்று முணுமுணுத்தபடி ஆஸ்பத்திரி வாசலில் பைக்கை ஸ்டாண்டு போட்டான்.

பின் சீட்டிலிருந்து இறங்கிய செண்பகவல்லி, எட்டயபுரம் ரோட்டில் சேலையில் சேர்த்துக்கொண்டு வந்த கரிசல் தூசியைத் தட்டிவிட்டாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவள் அவள். சோலைராஜ் அவளுடைய உதவியாளன், டிரைவர், டீ வாங்குகிறவன். புதூர் பக்கத்து ஆள். வானம் பார்த்த பூமியில் பிறந்தவனுக்கு மழை குறைவாகவும் பேச்சு தாராளமாகவும் கிடைத்திருந்தது.

"பிணம் விழாம இருக்கத்தான் வந்திருக்கோம். உள்ள ஐ.சி.யூ. வாயை மூடிக்கிட்டு வா."

"பேசக்கூடாதுன்னா நான் எதுக்கு?"

"அதைத்தான் நானும் ரொம்ப நாளா யோசிக்கேன்."

ஐ.சி.யூ.வுக்குப் பொறுப்பான டாக்டர் முத்துசெல்வம் சின்ன அறையில் உட்கார்ந்திருந்தார். தூக்கம் கெட்ட முகம். முன்னால் இருந்த டீயில் ஆடை படிந்து கிடந்தது. அவர் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"நோயாளி பேரு மந்திரமூர்த்தி. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. நிமோனியா வந்து ரெண்டு நுரையீரலும் கைவிட்டிருச்சு. தானா மூச்சு விட முடியாம வென்டிலேட்டர்ல போட்டோம். நாள் கூடிப்போனதால கழுத்துல துளை போட்டு அது வழியா குழாய் வச்சிருக்கோம். இப்ப ஆளு நல்ல முழிப்பு. பேச மட்டும் முடியாது. மிஷின்ல இருந்து அவரை மெல்ல மெல்லப் பிரிச்சுக்கிட்டிருக்கோம்."

"பிரிக்கதுன்னா?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"சைக்கிள் பழகுற பிள்ளைக்கு சீட்டைப் பிடிச்சுக்கிட்டே பின்னால ஓடுவோம்ல, அது மாதிரி. அவர் மூச்சை இழுக்கும்போதெல்லாம் மிஷின் ஒரு தள்ளு தள்ளும். எவ்வளவு தள்ளணும்னு ஒரு எண் இருக்கு. இன்னைக்குப் பதினாறுன்னா, ஆளைப் பார்த்து, ரத்தத்தைச் சோதிச்சு, நாளைக்குப் பதினாலு வைப்போம். பொசுக்குன்னு கையை எடுத்தா விழுந்திருவாரு."

"யாரோ பொசுக்குன்னு எடுக்காங்க."

"ஆமா. காலைல பதினாலு வச்சிட்டு வருவேன். மத்தியானம் அவருக்கு மூச்சு பரபரன்னு ஓடும். அலாரம் அடிக்கும். போய்ப் பார்த்தா எட்டு இருக்கும். அதுக்குள்ள ஆளு துவண்டிருப்பாரு. மறுபடி பதினெட்டுக்கு ஏத்திவிட்டு ராத்திரி பூரா காத்திருக்கணும். இந்த வாரம் முழுக்க இதே கதை."

சோலைராஜ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். "ஏன் டாக்டர், இம்புட்டு பெரிய மிஷினு, தன் மேல யாரு கை வச்சான்னு சொல்லாதா?"

"எப்ப மாத்தினாங்கன்னு சொல்லும், ஆனா அதோட கடிகாரமே சரியில்ல. யாருன்னு சொல்லாது."

"நம்ம ஊர்ல பொழைக்கத் தெரிஞ்ச மிஷின்தான்."

டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பி, ஐ.சி.யூ. கேமராவில் பதிவான படத்தைக் காட்டினார். மத்தியானம் இரண்டு வார்டு ஆட்கள் மந்திரமூர்த்தியைத் தாங்கிப் பிடித்துக் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தால் நுரையீரல் நன்றாக விரியுமாம். பிறகு கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடினார்கள். முதலாளி மேல்சட்டை இல்லாமல் உட்கார்ந்திருப்பதை நாலு பேர் பார்க்கக் கூடாது என்று வீட்டம்மா கேட்டுக்கொண்டதால் அந்த ஏற்பாடு. ஆட்கள் வெளியே போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு நர்ஸ் உள்ளே போனாள், வந்தாள். அதற்கப்புறம் திரை அசையவே இல்லை. திடீரென்று எல்லோரும் ஓடிவந்தார்கள். வேறு நாள் படத்தைப் போட்டுக் காட்டினார். அச்சு அசல் அதேதான்.

"அந்த நர்ஸ் பாண்டிச்செல்வி. குழாய்ல அடைக்கிற சளியை உறிஞ்சி எடுக்கப் போறா. திரைக்குள்ள போறது அவ ஒருத்திதான். சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்குள்ள வேற ஆளைக் காட்டலைன்னா, முதலாளியோட மச்சினன் சுடலைக்குமார் போலீசுல எழுதிக் குடுக்கப் போறாரு. நிர்வாகம் அவளை வேலைய விட்டு எடுத்துரும். கொலை முயற்சின்னு ஒரு கேஸ் இருந்தா அப்புறம் எந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சேர்க்காது."

"நீங்க அவளைச் சந்தேகப்படலையா?"

"சந்தேகப்பட்டா உங்களை எதுக்குக் கூப்பிடுதேன்?"

பாண்டிச்செல்வி நர்ஸ்கள் உடை மாற்றும் அறையில் இருந்தாள். விளாத்திகுளத்துப் பெண். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்து சோலைராஜ் நாலு ஆறுதல் வார்த்தைகளைத் தயார் பண்ணி வைத்திருந்தான். அவற்றுக்கு வேலை இல்லாமல் போனது.

"அழுகையெல்லாம் முடிஞ்சிட்டு. இப்ப கோவந்தான் இருக்கு," என்றாள். "தினமும் அவருக்கு முகம் துடைச்சு, மீசைய சீவி விட்டவ நான். நேத்து அவரு மச்சினன் கட்டில் பக்கத்துல நின்னு, 'இந்த நர்ஸ்தானே மிஷினைத் தொட்டா'ன்னு கேட்டாரு. நான் அப்பான்னு கூப்பிடுத மனுஷன் என்ன பண்ணாரு தெரியுமா? கண்ணை மூடிக்கிட்டாரு. அதுதான் இப்ப சாட்சி."

"ஆமான்னு தலையாட்டினாரா?"

"இல்ல. இல்லைன்னும் ஆட்டல. கண்ணை மட்டும் மூடிக்கிட்டாரு. அதைத்தான்க்கா என்னால தாங்க முடியல."

செண்பகவல்லி அதற்கு மேல் அவளை ஒன்றும் கேட்கவில்லை. சோலைராஜை இழுத்துக்கொண்டு ஐ.சி.யூ.வுக்குள் போனாள். கை கழுவச் சொன்னார்கள். மேலங்கியும் தொப்பியும் மாட்டிவிட்டார்கள். புரோட்டா மாஸ்டர் கோலத்தில் நின்ற தன்னைக் கண்ணாடிக் கதவில் பார்த்துக்கொண்டான் சோலைராஜ்.

மந்திரமூர்த்தி கட்டிலில் சாய்ந்து படுத்திருந்தார். கழுத்துக் குழாயிலிருந்து நெளிந்து போன வளையக் குழல் பக்கத்திலிருந்த வென்டிலேட்டரில் முடிந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. மீசை ஒழுங்காகச் சீவியிருந்தது. வந்தவர்களை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு முகட்டைப் பார்க்கத் தொடங்கினார். ஆபீசுக்கு வந்த சேல்ஸ்மேனை அனுப்பிவைக்கிற பார்வை அது.

செண்பகவல்லி நோயாளியை விட்டுவிட்டு மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு குனிந்தாள். நாற்காலி இருக்கும் பக்கமாக, திருகுகிற குமிழுக்குக் கீழே, மிஷினின் விலாவில் மூன்று விரல் அகலத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல் இருந்தது.

"திருநீறு," என்றாள்.

பக்கத்துக் கட்டிலைக் கவனித்துக்கொண்டிருந்த இன்னொரு நர்ஸ், "தினமும் துடைக்கோம்க்கா. மறுநாள் பார்த்தா திரும்ப இருக்கும். யாராச்சும் சொந்தக்காரங்க பூசிட்டுப் போறாங்க போல," என்றாள்.

சோலைராஜுக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது. வரும்போது வராந்தாவில் சுடலைக்குமாரைப் பார்த்திருந்தான். ஆறடி உயரம். நெற்றியை அடைத்துத் திருநீறு. வெளியே வந்ததும் செண்பகவல்லியின் காதில் கிசுகிசுத்தான்.

"முடிஞ்சு போச்சுக்கா. மச்சினன்தான். நெத்தியிலேயே சாட்சியத் தூக்கிக்கிட்டு அலையுதான்."

"கேமராவுக்குத் தெரியாம திரைக்குள்ள எப்படிப் போனான்?"

"தவழ்ந்து போயிருப்பான்."

"ஆறடி ஆளு தவழ்ந்து போனா கால் பாதி வெளிய கிடக்கும். சரி, போனான்னே வச்சுக்க. நின்னுக்கிட்டுப் பூசுதவன் மிஷினுக்கு எங்கன பூசுவான்?"

"நெத்தியில. மேல."

"இது அடி விலாவுல இருக்கு. இன்னொண்ணு. கொல்ல வந்தவன் எட்டுல எதுக்கு நிப்பாட்டுதான்? சைபருக்குக் கொண்டுபோனா வேலை சுருக்கா முடிஞ்சிருமே. தினமும் எட்டு. ஒரு நாளாவது ஏழு கிடையாது, ஒம்பது கிடையாது."

சோலைராஜ் யோசித்தான். "எட்டு அவனுக்கு ராசியான நம்பரா இருக்கும்," என்றான். சொன்ன பிறகு அவனுக்கே அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

வராந்தாவில் சுடலைக்குமார் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். "மதுரைக்கு ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு. அந்த நர்ஸைப் பிடிச்சுக் குடுத்துட்டு மச்சானைக் கொண்டுபோயிருவோம். நீங்க சும்மா மிஷினை மோந்து பாத்துக்கிட்டு இருக்கீங்க," என்றார்.

"மோப்பம்தான் அண்ணாச்சி எங்க பொழப்பே," என்றான் சோலைராஜ். செண்பகவல்லி அவன் காலை மிதித்தாள்.

மந்திரமூர்த்தியின் மனைவி சீனித்தாய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க், மடித்த துண்டு, கோயில் பிரசாதப் பொட்டலங்கள். செண்பகவல்லி போய் ஒட்டி உட்கார்ந்தாள்.

"அம்மா, ஐயாவுக்குத் திருநீறு பூசிவிடுதது நீங்களா?"

"காலைல பாக்க விடும்போது நெத்தியில பூசிட்டு, பொட்டலத்தைத் தலகாணிக்கு அடியில வச்சிட்டு வாரேன். அது இல்லாட்டி அவியளுக்கு ஓடாது."

"மிஷினுக்கும் நீங்கதான் பூசுதீங்களா?"

சீனித்தாய் பதறிப்போனாள். "ஐயையோ, நான் எதுக்கு மிஷினைத் தொடுதேன்? தீப்பெட்டி ஆபீசுல ஓடுத மிஷினையே நான் தொடமாட்டேனே. தீக்குச்சி மருந்து கிடக்குத இடம்லா. ஒரு பொறி பட்டாப் போச்சு. காலைல அவிய வந்து எல்லா மிஷினுக்கும் தன் கையால திருநீறு பூசி, அப்புறந்தான் ஓட்டுவாவ. வேற யாரையும் விடமாட்டாவ. வெளியூர் இன்ஜினியர் வந்து வச்சிட்டுப் போன அளவைக்கூட, அவரு பஸ் ஏறுனதும் தன் கணக்குக்கு மாத்திருவாவ. அதே மத்தவன் ஒருத்தன் கேக்காம திருகிட்டான்னா, அன்னைக்கே வேலைய விட்டு அனுப்பிருவாவ."

"இப்ப ஐயா மனசுல என்ன கவலைம்மா? சாடையில ஏதும் காட்டுதாவளா?"

"வேற என்ன, மழைதான். ஐப்பசி பொறந்தாச்சு. அடைமழை பிடிச்சிட்டா மருந்து முக்குன குச்சி காயாது. மழைக்கு முன்னால ஆபீசுக்குப் போயிரணும்னு வானத்தைக் காட்டிக் காட்டிச் சாடை பண்ணுதாவ. நான் என்ன செய்ய?"

செண்பகவல்லி எழுந்தாள். அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்து போனது. அந்தச் சிரிப்பு வந்தால் அடுத்து ஏதோ ஒரு தண்ட வேலை தன் தலையில் விழும் என்று சோலைராஜுக்கு அனுபவம் உண்டு. விழுந்தது. ஐ.சி.யூ.வில் ஓரமாக ஒரு கட்டில் காலியாகக் கிடந்தது. அதன் பக்கத்திலும் அதே மாதிரி நாற்காலி, அதே மாதிரி வென்டிலேட்டர்.

"உக்காரு."

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. காலைல பொங்கல் கொஞ்சம் கூடிப்போச்சு, அம்புட்டுதான்."

"உக்காருலே."

உட்கார்ந்தான். டாக்டர் முத்துசெல்வத்தையும் கூப்பிட்டு நிறுத்தினாள் செண்பகவல்லி. திரையை இழுத்தாள்.

"நீ நோயாளி. எந்திரிக்க முடியாது. கையை ரொம்பத் தூக்க முடியாது. சும்மா இடது கையத் தொங்க விட்டுட்டு, அப்படியே கொஞ்சம் முன்னால நீட்டு."

சோலைராஜ் நீட்டினான். அவன் விரல்கள் மிஷினின் விலாவில் போய்ப் பட்டன. மந்திரமூர்த்தியின் மிஷினில் திருநீறு இருந்த அதே இடம். அங்கிருந்து ஒரு சாண் ஏறினால் குமிழ். அவன் பார்க்காமலேயே கை அங்கே போய் நின்றது.

கையை எடுத்துவிட்டு மறுபடி நீட்டிப் பார்த்தான். மறுபடியும் அதே இடம். "அக்கா," என்றான் கடைசியில். "கை தானா இங்கன வருது."

"டாக்டர், அந்தக் குமிழைத் திருக ரொம்பப் பலம் வேணுமா?"

"ரேடியோ திருகுற பலம் போதும். ஆனா முதல்ல பூட்டை எடுக்கணும். அந்தப் பட்டனை அழுத்தித் திருகி, மறுபடி அழுத்தணும். அதெல்லாம் சிஸ்டர்களுக்குத்தான்..." டாக்டர் நிறுத்தினார்.

"கட்டில்ல கிடந்து நாள் பூரா அவியளையே பாத்துக்கிட்டிருந்தா யாருக்கும் தெரியும். அவரு பொறந்ததுல இருந்து மிஷினோட இருக்கவரு, தலகாணிக்கு அடியில இருக்குத திருநீறைப் பூசாம எந்த மிஷினையும் தொடாதவரு. இப்ப சொல்லுங்க, எட்டுங்கிற நம்பரை யாருகிட்டச் சொன்னீங்க?"

டாக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "அவருகிட்டத்தான். ஒரு உற்சாகத்துக்காக. 'இது எட்டுக்கு வந்துட்டா வீட்டுக்குக் கிளம்பிரலாம் அண்ணாச்சி'ன்னு காலைல ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் சொல்லுவேன்."

"அவரு கொண்டுவந்துட்டாரு."

சோலைராஜ் நாற்காலியை விட்டு எழுந்தான். "அப்ப திரைக்குள்ள போனது ஒரே ஆள்ங்கிறது சரிதான். உள்ளேயே ஒருத்தரு உக்காந்திருந்தாரேன்னு எவனுக்கும் தோணல. மூக்குக்குக் கீழ பெரிய மீசையோட."

"ஆனா நிரூபிக்க நம்மகிட்ட ஒண்ணும் இல்ல," என்றாள் செண்பகவல்லி. குரலில் விளையாட்டு இல்லை. "திருநீறு யாரும் பூசியிருக்கலாம். கேமராவுல அந்தப் பிள்ளை மட்டுந்தான் இருக்கா. முதலாளியே சொன்னாத்தான் உண்டு. யாரு மிஷினைத் தொட்டாலும் வீட்டுக்கு அனுப்புத மனுஷன், நாந்தான் தொட்டேன்னு சொல்லணும்."

பார்வையாளர் நேரம் வந்தது. மந்திரமூர்த்தியை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். சீனித்தாயும் சுடலைக்குமாரும் ஒரு பக்கம் நின்றார்கள். பாண்டிச்செல்வி தள்ளி, சுவரோரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் அவரைப் பார்க்கவில்லை. செண்பகவல்லி அவர் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, அவர் கண்ணுக்கு நேராகப் பேசினாள்.

"அண்ணாச்சி, உங்களை மாட்டிவிட எங்கிட்ட ஒரு சாட்சியும் இல்ல. நீங்க இப்பவும் கண்ணை மூடிக்கிடலாம். மூடினீங்கன்னா உங்களை மதுரைக்குக் கொண்டுபோவாவ. அந்தப் பிள்ளையை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவாவ. மிஷினைத் தொட்டவன வீட்டுக்கு அனுப்புதது உங்க சட்டம். யாரை அனுப்பணும்னு நீங்களே சொல்லுங்க."

மந்திரமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார்.

சுடலைக்குமார், "பாத்தீங்களா?" என்று ஆரம்பித்தார். சோலைராஜுக்கு அந்த மீசையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. சுவரோரம் நின்றவள் கட்டிய கையைப் பிரிக்காமல் தரையைப் பார்த்தாள்.

அப்போது மந்திரமூர்த்தி கண்ணைத் திறந்தார். ஓரத்தில் நீர் கோத்திருந்தது. விரலால் கழுத்துக் குழாயைத் தொட்டுக் காட்டி, வாயைக் காட்டினார்.

"பேசணுங்கிறாரு," என்றார் டாக்டர். தயங்கினார். "குழாயைச் சுத்தி ஒரு சின்ன பலூன் இருக்கு. அதுல காத்தை இறக்கினா கொஞ்சம் மூச்சு தொண்டை வழியா மேல போகும், குரல் வரும். ரெண்டு நாள் கழிச்சுப் பாக்கலாம்னு இருந்தேன். சரி, ரெண்டு வார்த்தைன்னா பரவால்ல."

வாயிலும் குழாயிலும் சளியை உறிஞ்சி எடுத்துவிட்டு, பலூனில் காற்றை மெதுவாக இறக்கினார். மந்திரமூர்த்தி இருமினார். சீனித்தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அவள் அந்தக் குரலைக் கேட்கவில்லை. தன் பெயரைச் சொல்வார் என்று காத்திருந்தாள். முருகா என்பார் என்று சோலைராஜ் நினைத்தான்.

காய்ந்த சருகு உரசுகிற மாதிரி வந்தது குரல். "திருகுனது... நான்."

அவர் அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தார். மிஷின் தள்ளிக் கொடுத்தது.

"ஏலே குமாரு... அந்தப் பிள்ளகிட்ட... மன்னிப்புக் கேளு."

குழாய் மாட்டிக் கிடந்தாலும் முதலாளி முதலாளிதான் என்று சோலைராஜுக்குச் சிரிப்பு முட்டியது. சுடலைக்குமார் சுவர்ப் பக்கம் திரும்பினார். அதற்குள் மந்திரமூர்த்தி கையை ஆட்டித் தடுத்தார்.

"நீ வேண்டாம்... நானே..."

மூச்சு முட்டியது. டாக்டர், "போதும் அண்ணாச்சி," என்று பலூனில் மறுபடி காற்றை ஏற்றினார். குரல் அடைந்தது. உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் விடவில்லை. இரண்டு கைகளையும் மடியிலிருந்து தூக்க முயன்றார். ஒரு கை வந்தது, இன்னொன்று பாதியில் விழுந்தது. மறுபடி தூக்கினார். இரண்டும் ஒன்றையொன்று தேடிப் பிடித்து, நெஞ்சுக்கு முன்னால் ஒரு கும்பிடாகச் சேர்ந்து நடுங்கின. ஆயுசில் அவர் யாரையும் இப்படிக் கும்பிட்டதில்லை என்பது சீனித்தாயின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பாண்டிச்செல்வி சுவரை விட்டு வந்தாள். வந்த வேகத்தைப் பார்த்து, திட்டப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் நேராக மிஷினிடம் போய் எண்ணைப் பார்த்தாள். பதினாலு இருந்தது. நாற்காலியில் இருப்பவர் கைக்கு எட்டாதபடி மிஷினைத் தள்ளி நிறுத்தி, சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டாள். பிறகு அவர் முன்னால் குனிந்து, கும்பிட்ட கைகளை இரண்டு கையாலும் பிரித்து, ஒவ்வொன்றாக நாற்காலியின் கைப்பிடி மேல் வைத்தாள். அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு அவர் மணிக்கட்டில் விழுந்தது.

"கைய இங்கனயே வச்சுக்கிடுங்கப்பா," என்றாள். "திருகுத வேலை என்னுது."